மறுபடியும் ஜிம்முக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருஷம் ஒழுங்காக ஜிம்முக்குப் போனவன் நான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒரு மாதம் நிற்கலாம் என்று நின்றேன், அது மூன்று வருஷமாக நீண்டுவிட்டது. அதில் அப்பாவுக்காக நின்றது ஐந்து மாதம்தான், மிச்சமெல்லாம் சுத்தச் சோம்பேறித்தனம். போன வருஷம் நாற்பத்தோரு வயதில் திரும்பப் போக ஆரம்பித்தேன், இப்போது பதினாலு மாதம் ஆகிறது. ஆபீஸிலும் தெருவிலும் பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் நின்று தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, மாஸ்டரும் இல்லை. நிறையத் தப்புப் பண்ணியவன், அதற்குப் பிறகு கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான்.

"மூணு வருஷம் ஆச்சு. சேத்து வெச்சதெல்லாம் போயிடுச்சா?"

போனது உண்மை, ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் போகவில்லை. முதலில் போவது மூச்சு. பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தில் இருக்கிற நீர்ப்பகுதி குறைய ஆரம்பிக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற ரத்தம் குறையும். நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமே மூன்று வாரத்தில் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 7 சதவீதம் இறங்கியதை 1980களிலேயே அளந்திருக்கிறார்கள். பலம் அப்படி இல்லை, மூன்று நான்கு வாரம் பெரிய மாற்றமில்லாமல் நிற்கும், அப்புறம்தான் மெதுவாக இறங்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை கட்டிய உடம்பைத் திரும்பக் கட்டுவது முதல்முறையை விடச் சுலபம். ஃபின்லாந்தில் யூவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2024இல் வெளிவந்தது. ஒரு குழு இருபது வாரம் விடாமல் பயிற்சி செய்தது, இன்னொரு குழு பத்து வாரம் செய்து, பத்து வாரம் சும்மா இருந்து, மறுபடி பத்து வாரம் செய்தது. இடைவெளி விட்டவர்கள் விட்ட இடத்துக்குத் திரும்பி வர ஐந்து வாரம் போதுமானதாக இருந்தது, கடைசியில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றன. ஏன் இப்படி என்பதற்கு ஆஸ்லோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2010இல் எலிகளை வைத்து ஒரு விளக்கம் சொன்னார்கள்: தசை வளரும்போது அதன் இழைகளுக்குள் புதிதாகச் சேர்கிற உட்கருக்கள், தசை சுருங்கிய பிறகும் அழியாமல் உள்ளேயே காத்திருக்கின்றன. மனிதர்களிடமும் அப்படியே நடக்கிறதா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. எப்படியோ, தசைக்கு ஞாபகம் இருக்கிறது என்பதை ஜிம்முக்குத் திரும்பியவன் எவனும் ஒப்புக்கொள்வான்.

என் கணக்கைச் சொல்கிறேன். நிறுத்தும்போது பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் படுத்துக் கம்பியை நெஞ்சுக்கு மேலே தூக்குவது, 70 கிலோ. திரும்ப ஆரம்பித்து 60 வர நாலு மாதம், 70ஐ மறுபடி தொட ஏழு மாதம் ஆனது. முதல்முறை அந்த 70க்கு எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

"முதல் நாள் எவ்வளவு வெயிட் போடலாம்?"

இந்த ஒரு கேள்விக்குச் சரியாக நடந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி வராது.

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, அட்டை போய், வியர்வை பட்டு ஊதா மை பரவிய நோட்டு. அதில் கடைசியாக எழுதியது "ஸ்குவாட் 90 - 5, 5, 4", அதாவது 90 கிலோவைத் தோளில் வைத்து மூன்று செட், ஐந்து, ஐந்து, நாலு முறை உட்கார்ந்து எழுந்தது. திரும்பப் போன முதல் நாள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் போனேன், அதுதான் நான் பண்ணிய முதல் முட்டாள்தனம். 90 போடவில்லை, அவ்வளவு மடையன் இல்லை. ரொம்பப் புத்திசாலித்தனமாக யோசித்து 70 போட்டேன். நாலு செட், எட்டெட்டு. தூக்க முடிந்தது! அதுதான் இதில் இருக்கிற ஆபத்தே. தூக்கும்போது முடிகிறது, நரம்புக்குப் பழைய வேலை ஞாபகம் இருக்கிறது, மனசு "பார்த்தியா, ஒண்ணும் போகலை" என்று குதிக்கிறது. பில் மறுநாள் காலையில் வந்தது. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, பழைய எடையில் பாதி. வருஷக்கணக்கில் விட்டிருந்தால் பாதிக்கும் கீழே. ஒவ்வொரு பயிற்சிக்கும் முதல் வாரம் ஒரு செட் அல்லது இரண்டு செட், அதுவும் "இன்னும் நாலு முறை தூக்கலாம்" என்று தோன்றுகிற இடத்தில் கீழே வைத்துவிட வேண்டும். வீட்டுக்குத் திரும்பும்போது "இன்னைக்கு ஒண்ணுமே பண்ணலையே" என்று தோன்ற வேண்டும், தோன்றினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டாம் வாரம் ஒரு செட் கூட்டுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து எடை, ஒருமுறைக்கு இரண்டரை கிலோ, காலுக்கு வேண்டுமானால் ஐந்து.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நம்ம ஊர் ஜிம்களில் கம்பியின் எடை ஆளுக்கொரு கணக்கு. ஒலிம்பிக் பார் என்றால் 20 கிலோ, ஆனால் பல இடங்களில் இருக்கிற ஒல்லிக் கம்பி எட்டு, பத்து கிலோதான் வரும். பழைய ஜிம்மில் "40 தூக்கினேன்" என்று நீங்கள் நினைத்திருப்பதும் புது ஜிம்மில் 40 என்பதும் ஒன்றாக இருக்காது. அங்கே எடை பார்க்கும் மிஷின் இருக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி நின்று உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்தபோது இரண்டு பையன்கள் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் வந்து ஏறிப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது நாள் படி இறங்க முடியலை. தொடை கிழிஞ்சிருச்சா? நிறுத்திடவா?"

கிழியவில்லை. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை இழைகளில் மிக நுண்ணிய சேதம் ஆகும், அதைச் சரிசெய்யும் வேலை உள்ளே நடக்கும்போது வலிக்கும். செய்த அன்றைக்கு அவ்வளவாகத் தெரியாது, மறுநாள் ஆரம்பித்து இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஐந்தாறு நாளில் மறைந்துவிடும். எடையைத் தூக்குவதை விட, மெதுவாக இறக்குவதுதான் இந்த வலியை அதிகம் கொண்டுவரும். அதனால்தான் படி ஏறிப் போனவன் இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறான்.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்திருச்சு, அதான் வலி" என்று எல்லா மாஸ்டரும் சொல்வார்கள். அந்தச் சமாச்சாரம் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து போய்விடும், இரண்டு நாள் உட்கார்ந்திருக்காது. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்யும்போது வலி பாதிகூட இருக்காது, உடம்பு கற்றுக்கொண்டுவிடும். அதனால் நிறுத்த வேண்டாம். நடங்கள், வெந்நீரில் குளியுங்கள், வலிக்கிற இடத்துக்கு லேசான அசைவு கொடுங்கள். மெடிக்கலில் போய் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் அதே தசையை அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, கை காலை அசைக்கவே முடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் உடனே, அந்த நிமிஷமே, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை உடைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. அபூர்வம்தான், ஆனால் அது வருகிறவர்களில் பழைய பலத்தை நம்பி முதல் நாளே நூறு நூற்றைம்பது பஸ்கி போட்டவர்களும் உண்டு. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கவனம் வைப்பது நல்லது.

"டாக்டரைப் பார்த்துட்டுத்தான் போகணுமா?"

இருபத்தைந்து வயது, நோய் நொடி இல்லை, ஒரு வருஷம்தான் விட்டிருக்கிறீர்கள் என்றால் நேராகப் போகலாம். சுகர், பிரஷர், இதயக் கோளாறு, வீட்டில் சின்ன வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு, மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, திடீரென்று மயக்கம் வருகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நாற்பது தாண்டிவிட்டால் ஒருமுறை பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்வதில் என்ன நஷ்டம்? எனக்கு அப்படிப் பார்க்கப் போய்த்தான் பிரஷர் இருப்பதே தெரிந்தது.

பிரஷர் இருக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கித் தூக்கக் கூடாது, அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் கண்டபடி ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். சுகருக்கு இன்சுலினோ, சுகரை வேகமாக இறக்குகிற மாத்திரையோ எடுக்கிறவர்களுக்குப் பயிற்சிக்கு நடுவிலோ, சில சமயம் பல மணி நேரம் கழித்தோகூட சுகர் திடீரென்று இறங்கலாம். பையில் நாலு கடலைமிட்டாய் கிடக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள், அது மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பொட்டலம் அல்லது சர்க்கரைதான் சரி.

இன்னொன்று, காய்ச்சல். டெங்கு வந்து எழுந்தவர்கள் ஒரு வாரத்திலேயே ஓடிவந்துவிடுகிறார்கள், அசதி முழுசாகப் போன பிறகு வாருங்கள். சிக்குன்குனியா வந்திருந்தால் மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்கும், அந்த வலியோடு எடை போடுவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

"வாரத்துக்கு எத்தனை நாள்? மாஸ்டர் ஆறு நாள் சொல்றார்."

மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு நாளும் உடம்பு முழுக்க.

மாஸ்டர் உங்களுக்கும் எனக்கும் பக்கத்தில் நிற்கிற பத்தொன்பது வயதுப் பையனுக்கும் ஒரே அட்டையைத்தான் எழுதிக் கொடுப்பார்: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், இப்படி. திங்கட்கிழமை சாயந்திரம் தமிழ்நாட்டில் எந்த ஜிம்மிலும் பெஞ்ச் காலியாக இருக்காததற்குக் காரணம் இந்த அட்டைதான். அது தப்பில்லை, ஆனால் திரும்பி வருகிறவனுக்குப் பொருந்தாது. ஒரே நாளில் நெஞ்சுக்கு மட்டும் பதினாறு செட் போட்டால் நாலு நாள் சட்டையைக் கழற்ற முடியாது, அந்த வாரத்தில் ஒரு நாள் தவறினால் அந்தத் தசைக்கு இரண்டு வாரம் வேலையே இல்லை. உடம்பு முழுக்க மூன்று நாள் என்றால் ஒரு நாள் தவறினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நான் முதல் மூன்று மாதம் செய்தது ஐந்தே ஐந்து: ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், பெஞ்ச் பிரஸ் அல்லது தண்டால், கேபிளை இழுக்கிற ரோயிங், டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவது, லேசான எடையில் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கிற கம்பியைப் பிடித்து நிமிர்வது). முன்னால் பத்து நிமிஷம் வார்ம் அப். முழுசாக ஐம்பது நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். பைசெப்ஸ் வேண்டும் என்று கை அரித்தால் கடைசியில் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள், யார் தடுத்தது.

"தொப்பை குறையணும். டிரெட்மில் மட்டும் போதுமா?"

போதாது, ஆனால் வேண்டாம் என்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. மூன்று நாள் எடை, மற்ற நாலு நாளும் முக்கால் மணி நேரம் வேகநடை என்று வைத்தால் கணக்கு முடிந்தது. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க முடியாது, கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை உடம்புதான் முடிவு பண்ணும், கிரஞ்சஸ் எத்தனை போட்டாலும் அதன் காதில் விழாது. தொப்பையின் விதி ராத்திரி பரோட்டாவில் இருக்கிறது.

"புரோட்டீன் பவுடர் வாங்கணுமா? என்ன சாப்பிடுறது?"

சாதாரணமாக வாழ்கிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 58 கிராம். எடை தூக்கித் தசை கட்டுகிறவருக்கு அது பத்தாது, கிலோவுக்கு 1.4இலிருந்து 1.6 வரை போகலாம், அதாவது 100, 110 கிராம் பக்கம். சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிறவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரக் கூடாது.

என் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி சாம்பார், இரண்டு முட்டை: 20 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், கெட்டித் தயிர்: 15. சாயந்திரம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 12. ராத்திரி மூன்று சப்பாத்தி, பருப்பு: 15. கூட்டினால் 60 சொச்சம். நம்ம வழக்கமான சாப்பாட்டில் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும், மிச்சத்துக்குக் கூடுதலாக ஏதாவது சேர்க்க வேண்டும். கோழி சாப்பிடுகிறவர்கள் 150 கிராம் வெந்த நெஞ்சுக்கறி சேர்த்தால் 40க்கு மேல் வந்துவிடும். சைவம் என்றால் 100 கிராம் பனீர், இரண்டு டம்ளர் பால், ஒரு கைப்பிடி மீல்மேக்கர் சேர்த்து அதே அளவுக்கு வரலாம். மீல்மேக்கரை வெந்நீரில் போட்டு ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு மிளகு வறுவலாகப் போடுங்கள், பிழியாமல் போட்டால் ரப்பர் வாடை அடிக்கும்.

இதெல்லாம் முடியவில்லை, நேரமில்லை என்றால் வே பவுடர் ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம் புரதம் வரும், வாங்கிக்கொள்ளுங்கள், அது விஷமும் இல்லை, அமுதமும் இல்லை. முதல் இரண்டு மாதம் தேவையே இல்லை என்பது என் கருத்து. பலத்துக்காகச் சாப்பிடுகிற கிரியேட்டின் பொடி நன்றாக ஆராயப்பட்ட பொருள், தினம் 3 முதல் 5 கிராம், அதைப் போட்டதும் எடை ஒரு கிலோ ஏறினால் பயப்படாதீர்கள், தசைக்குள் தண்ணீர் சேர்கிறது. மாஸ்டரே விற்கிற லேபிள் இல்லாத டப்பா, "சீக்கிரம் பழைய உடம்பு வந்துரும் தம்பி" என்று காதோடு சொல்லித் தருகிற ஸ்டீராய்டு ஊசி, இரண்டையும் கையால்கூடத் தொடாதீர்கள். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர் ஒருவர் எங்கள் ஜிம்மில் இருந்தார், முப்பத்திரண்டு வயதில் குழந்தை இல்லையே என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்.

"வெறும் வயித்தோட காலைல போகலாமா?"

உங்களுக்கு ஒத்துக்கொண்டால் போகலாம். தலை சுற்றினால் ஒரு வாழைப்பழம். முடிந்தது.

"முழங்கால் மடக்கினா கடக் கடக்குனு சத்தம். தேய்மானமா?"

சத்தம் மட்டும் வந்து, வலியோ வீக்கமோ இல்லையென்றால் விட்டுத் தள்ளுங்கள். வலியோடு சத்தம், கால் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது முட்டி வழுக்கிக் கொடுப்பது, இதெல்லாம் காட்டிப் பார்க்க வேண்டிய விஷயம்.

மூட்டில் நான் சொல்ல நினைப்பது வேறு. தசை வேகமாகத் திரும்பி வரும், ஆனால் தசையை எலும்போடு கட்டியிருக்கிற நாண், ஜவ்வு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, வலுப்பெற மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் திரும்பி வருகிறவனின் மூட்டுக்குப் பெரிய ஆபத்து முதல் வாரத்தில் இல்லை, ஆறாவது எட்டாவது வாரத்தில்தான். அப்போதுதான் தசை "இன்னும் போடு" என்று சொல்லும். எனக்கு ஏழாவது வாரம் இடது தோள். பெஞ்ச் 50 கிலோ அருமையாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு நாள் சாயந்திரம் பனியனைக் கழற்றும்போது தோளின் முன்பக்கம் ஊசி குத்தின மாதிரி ஒரு வலி. இரண்டு நாள் பார்த்தேன், அப்புறம் பிசியோவிடம் போனேன். அவர் என்னை ஒன்றும் படுக்கவைக்கவில்லை, பெஞ்சை மட்டும் மூன்று வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, ரப்பர் பேண்டை இழுக்கிற பயிற்சியும் உயரமான மேடையில் கை வைத்துப் போடுகிற தண்டாலும் கொடுத்தார். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி டம்பெல்லைப் பிடித்துத் தூக்கினால் வலிக்கவில்லை, அதையே இரண்டு மாதம் செய்தேன். வலிக்கிற அசைவை மட்டும் விட்டுவிட்டு வலிக்காததைத் தொடருங்கள். மொத்தமாக நிறுத்தினால் மறுபடி மூன்று வருஷம் ஆகிவிடும், நான் பார்த்தவன்.

"அக்கா கேக்கச் சொன்னாங்க: குழந்தை பிறந்து ஒன்பது மாசம், சிசேரியன். திரும்ப ஆரம்பிக்கலாமா?"

டாக்டர் சரி என்று சொல்லியிருந்தால் ஆரம்பிக்கலாம். ஆனால் வெளியில் தையல் ஆறியதை வைத்து முடிவு பண்ண வேண்டாம். தும்மும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிந்தாலும், மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் மேடு கட்டினாலும், அதற்கான பிசியோவைப் பார்த்துவிட்டு அப்புறம் எடைக்கு வரலாம். இதை வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு மூன்று மாதம் குதித்தவர்களை என் மனைவிக்குத் தெரியும். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்த்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்ப் பெண்களுக்கு அது குறைவாக இருப்பது ரொம்பச் சகஜம், அது எட்டில் நிற்கும்போது "எனக்கு ஸ்டாமினாவே இல்லை" என்று தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுமா என்றால், ஆகாது. ஆண்களே வருஷக்கணக்கில் முக்கியும் ஆகாமல்தான் இருக்கிறோம்.

"எங்கப்பாவுக்கு 60. அந்தக் காலத்துல கர்லா சுத்தினவர். அவரையும் கூட்டிட்டு வரவா?"

தாராளமாக. டாக்டரிடம் காட்டிவிட்டு. முதல் மாதம் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், இரண்டு கையிலும் லேசான டம்பெல்லோடு நடப்பது. கர்லாவை மட்டும் அவர் கண்ணில் காட்டாதீர்கள், அவருக்கும் என் நோட்டு மாதிரி ஒன்று மனசுக்குள் இருக்கும்.

"பழைய ஜிம்முக்கே போகவா? எல்லாரும் பார்ப்பாங்களே."

பார்ப்பார்கள். "என்ன மாமா, ஆளே மாறிட்டீங்க, பிசினஸ் நல்லாப் போகுது போல" என்று ஒருவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்பான். மூன்று நாளில் அவனுக்கே சலித்துப்போகும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் எது இருக்கிறதோ அதில் சேருங்கள், ஏசி இருக்கிறதா, கண்ணாடி பெரிசா என்பதெல்லாம் அப்புறம். ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள். ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். வருஷக் கட்டணம் கட்டிவிட்டுப் பதினோரு மாதம் வராத ஆட்களின் காசில்தான் அந்த ஏசியே ஓடுகிறது, அதில் ஒரு தவணை என்னுடையது.

"நடுவுல ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டேன். மறுபடி முதல்லேர்ந்தா?"

இல்லை. இரண்டு வாரம் என்றால் விட்ட எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஒரு நாள் செய்துவிட்டு அடுத்த நாளே பழையபடி போகலாம். ஒரு மாதம் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து. கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் ஒரு மண்டலம் முழுக்க நிறுத்திவிட்டுத் தை மாதம் வந்து பழைய எடையில் கை வைக்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் இது நடக்கிறது. விரதத்திலும் வாரத்துக்கு ஒரு நாள் வந்து அதே எடையில் ஒன்றிரண்டு செட் போட்டால் பலம் அப்படியே நிற்கும். பெறுவதற்குத்தான் அதிக உழைப்பு வேண்டும், வைத்துக்கொள்வதற்கு அதில் கொஞ்சம் போதும். சுண்டலுக்கும் பாலுக்கும் விரதத்தில் தடை ஒன்றும் இல்லையே.

"சித்திரை வெயில்ல ஆரம்பிக்கலாமா? எங்க ஜிம் தகர ஷெட்."

விடிகாலையில் போங்கள். விட்டுவிட்டு வந்த உடம்புக்கு வெக்கையைத் தாங்கும் பழக்கமும் போயிருக்கும், அது திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை செட்டுக்கு நடுவில் கூடுதலாக உட்காருங்கள். உப்புப் போட்ட மோர் கொண்டுபோங்கள். வியர்வை நின்று தலை கிறுகிறுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"பழைய ஷூ, பெல்ட் எல்லாம் பரண்ல இருக்கு. அதையே போடலாமா?"

பெல்ட் சரி, ஆறு மாதத்துக்கு அது தேவைப்படாது. ஷூவை மட்டும் கையில் எடுத்து அடியை அழுத்திப் பாருங்கள். சில ஷூக்களின் நடுப்பகுதி பாலியூரித்தேன் நுரையால் ஆனது, போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்திலேயே அது இற்றுப்போகும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். என்னுடையது மூன்றாம் நாள் டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கும்போது அடி கழன்று பெல்ட்டோடு பின்னால் போய், வரிசையில் நின்றிருந்த பையனின் காலடியில் விழுந்தது. அவன் அதை எடுத்து, கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது உங்களுதா?" என்று கேட்டான்.